புதன்கிழமைத் துண்டு

1

நேற்றுக் காலை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. லண்டனில் தபால்காரரின் முகத்தைப் பார்க்கக் கிடைப்பதில்லை. கதவில் வெட்டிவைத்த துவாரத்தால் கடிதத்தைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார். நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் ஒரே சத்தத்தோடுதான் நிலத்தில் விழும். என் மூத்த மகள் வசந்திதான் எடுத்து உடைத்து வாசித்தாள். பன்னிரண்டு வயதில் அவள்தான் எங்கள் வீட்டு வெளிநாட்டு மந்திரி.

இரண்டு வருஷத்துக்கு முன் இதே மாதம் இதே ஆஸ்பத்திரியிலிருந்து வேறொரு கடிதம் வந்தது. என் இளையவள் மலருக்கு இருப்பது ஓட்டிசம் என்று சொன்ன கடிதம். அப்போது மலருக்கு நாலு வயது. பேச்சு இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. யன்னல் சீலையின் ஓரத்தைப் பிடித்தால் பிடித்தபடி நிற்பாள். அந்தக் கடிதத்தின் கடைசி வரியை இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வேன். "நோய் நிர்ணயம் நிறைவடைந்துவிட்டபடியால் இனிக் குழந்தை வைத்தியரிடம் வரவேண்டிய அவசியமில்லை." கலியாண எழுத்து முடிந்துவிட்டது, இனி மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் வரத் தேவையில்லை என்று சொன்னால் எப்படியிருக்கும்? அப்படியிருந்தது எங்களுக்கு.

நேற்று வந்த கடிதத்தின் சாரம் இது. சென்ற மாதம் நான் அனுமதியில்லாமல் பக்கக் கதவால் நுழைந்து, குழந்தை வைத்தியர் தேநீர் குடிக்கும் அறை வரைக்கும் போயிருக்கிறேன். கதவைத் திறந்துவிட்ட ஊழியர் யார் என்பதை ஏழு நாட்களுக்குள் எழுத்தில் அறியத்தர வேண்டும். என் ஒத்துழைப்பைக் கண்டபின், மலரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழந்தை வைத்தியர் பார்வையிடுவது பற்றி மறுபடியும் பரிசீலிப்பார்கள்.

"அப்பா, பேரைச் சொன்னால் மலரைப் பார்ப்பினமாம்," என்றாள் வசந்தி. "நல்லதுதானே?"

நான் கடிதத்தை வாங்கி இன்னொரு தடவை பார்த்தேன். ஆங்கிலம் எனக்கு முழுதாக விளங்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கடிதம் முதல் வரியிலேயே விளங்கிவிட்டது. இந்த மாதிரிக் கடிதம் எழுதித்தான் நான் ஊரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

2

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு நான் எங்கே வேலை செய்தேன் என்று தெரிந்திருக்கலாம். பெயர் எழுதவில்லை. வன்னியில் கண்டி வீதியோரம் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் போதும். நான் அங்கே துண்டு எழுதும் கிளாக்கர். நோயாளி யாராக இருந்தாலும் முதலில் என் யன்னலுக்கு வந்து, பெயர், வயது, ஊர், என்ன நோய் வருத்தம் என்று சொல்லி, நான் எழுதிக் கொடுக்கும் துண்டோடுதான் டொக்டரிடம் போக முடியும். துண்டு இல்லாதவனுக்கு வருத்தமும் இல்லை. அப்படித்தான் நாங்கள் நடந்துகொண்டோம்.

என் அப்பு வடமராட்சியை விட்டு வந்து கண்டாவளைப் பக்கம் குடியேற்றக் காணி எடுத்து, காடு வெட்டி வயலாக்கியவர். காலில் சேற்றோடு வந்து, மகன் கதிரையில் இருந்து பேனை பிடிப்பதை யன்னலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவார். அந்தக் கதிரை என் தலைக்கு ஏறியதற்கு அவரையும் கொஞ்சம் குற்றம் சொல்லலாம். ஆனால் பெரும்பங்கு என்னுடையது.

மாதத்தில் ஒரு புதன்கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து குழந்தை வைத்தியர் வருவார். வன்னி முழுவதற்கும் அந்த ஒருவர், அந்த ஒரு நாள். ஓமந்தையிலிருந்து வண்டில் கட்டி வருவார்கள். மல்லாவிப் பக்கத்திலிருந்து காட்டுப் பாதையால் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்து வருவார்கள். முல்லைத்தீவுக் கரையிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார்கள். இருபது துண்டுதான் கொடுக்கலாம். வருவதோ அதைப்போல மூன்று மடங்கு.

சனத்தைக் குறைக்க ஒரு வழி கண்டுபிடித்த புத்திசாலி நான். "புதன்கிழமைத் துண்டு, வருத்தம் இன்னதென்று இன்னும் கண்டுபிடிக்கப்படாத பிள்ளைகளுக்கு மாத்திரம்." அரைத்தாளில் எழுதிப் பெரிய டொக்டரின் மேசையில் வைத்தேன். அவர் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். வருத்தம் கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளை மற்ற நாட்களில் வந்து போத்தலில் மிக்சர் மருந்து வாங்கிக்கொண்டு போகலாம். மிக்சர் எல்லா வருத்தத்துக்கும் ஒரே நிறம்தான்.

அந்த அரைத்தாளை யன்னலுக்குப் பக்கத்தில் நானே ஒட்டினேன். ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று அழகு பார்த்ததும் ஞாபகம் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நான் கை நீட்டாத கிளாக்கர். எனக்கு முன் இருந்தவர் நெல்லும் கோழியும் வாங்கியவர். நான் ஒரு வெற்றிலை கூட வாங்கியதில்லை. அதில் எனக்கு இருந்த திமிரைச் சுமக்க இரண்டு ஆள் தேவை.

3

மலர் இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பக்கத்துத் தாடையைக் கையால் அடிக்கத் தொடங்கினாள். பிறகு தலையைச் சுவரில் முட்டினாள். சாப்பாட்டைத் தள்ளினாள். சோறும் இல்லை, பாணும் இல்லை, பால் மட்டும். மூன்று கிழமையில் உடுப்புத் தோளால் வழுகி விழுந்தது.

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் குடும்ப வைத்தியர் அவளைத் தொடவில்லை. தொட்டால் கத்துவாள் என்று பயம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே, "ஓட்டிசப் பிள்ளைகள் இப்படித்தான் செய்யும்," என்றார். வேண்டுமானால் குழந்தை வைத்தியரைக் கேளுங்கள் என்றார். குழந்தை வைத்தியரின் ஆஸ்பத்திரிக்குப் போனால், கவுண்டரில் இருந்த பெண் அட்டையைப் புரட்டி, "உங்கள் மகளுக்கு ஏற்கெனவே நோய் நிர்ணயம் ஆகிவிட்டதே," என்று என்னைப் பாராட்டுவது போலச் சிரித்தாள். குடும்ப வைத்தியரைக் கேளுங்கள் என்றாள்.

அவளுக்கு நோகிறது என்று சொல்ல முயன்றேன். எனக்குப் பதற்றம் வந்தால் ஆங்கிலம் வீட்டுக்குப் போய்விடும். நான் சொன்ன விதத்தில், பிள்ளையால் எனக்குத்தான் உபத்திரவம் என்று அந்தப் பெண் விளங்கிக்கொண்டாள். இரக்கத்தோடு தலையசைத்து, தகப்பன்மார் களைத்துப்போவது இயல்புதான் என்றாள். பக்கத்தில் நின்ற வசந்தி வெட்கத்தில் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி பூமணி அழவில்லை. குசினிக்குள் போய்ப் பயறு வறுத்தாள்.

"அந்தக் கவுண்டர்ப் பெட்டைக்கு ஏதும் குடுக்காமல் சும்மா போய் நிண்டால் ஆர் உள்ளுக்கை விடுவினம்?" என்றாள். "ஊரிலையெண்டாலும் இஞ்சையெண்டாலும் மனிசர் மனிசர்தானே."

ஊரில் கை நீட்டாத கிளாக்கராகிய நான், ஒரு பிஸ்கற் ரின் நிறையப் பயற்றம் பணியாரம் கொண்டுபோய்க் கவுண்டரில் வைத்தேன். அந்தப் பெண் கண் விரிய வாங்கினாள். மகிழ்ச்சி என்றாள், கூட இருந்தவர்களையும் கூப்பிட்டுக் கொடுத்தாள். நான் நின்றேன். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்றவர் இருமினார். அடுத்த கிழமை போனபோது ரின்னைக் கழுவித் துடைத்து, உள்ளே ஒரு நன்றி அட்டையும் வைத்துத் திருப்பித் தந்தாள். துண்டு தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மவர்கள் கூடும் இடத்தில் ஒரு கணக்காளர் இருக்கிறார். "இங்கே எல்லாம் ஒழுங்கு, ஊரைப்போல வாங்கிற பழக்கம் இல்லை," என்று வடையைக் கடித்தபடி சொல்வார். ரின் கதையை அவருக்குச் சொன்னேன். பார்த்தீர்களா, நான் சொன்னது சரிதானே என்று சந்தோஷப்பட்டார். அவருடைய மனைவி பூமணியைத் தனியாகக் கூட்டிப்போய், பிள்ளையின் விஷயத்தை ஊருக்கு எழுத வேண்டாம், மூத்தவளின் கலியாணத்துக்கு இடைஞ்சல் என்று புத்தி சொன்னார். வசந்திக்குப் பன்னிரண்டு வயது. இப்படிப்பட்டவர்களோடு பேசுவதற்காகத்தான் நாங்கள் இரண்டு பஸ் மாறிப் போகிறோம்.

4

அந்தப் புதன்கிழமைகளில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்தவர்களில் ஒருவர் திரேசம்மா. புருஷன் களப்பில் இறால் பிடிப்பவர். மகள் றோசலினுக்கு ஐந்து வயதிருக்கும். கன்னியாஸ்திரி ஒருவர் கொழும்புக்குக் கூட்டிப்போய், சீமையில் படித்துவந்த ஒரு பெரிய டொக்டரிடம் காட்டியிருக்கிறார். அவர் ஒரு கடதாசியில் வருத்தத்தின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார். திரேசம்மா அதைப் பால்மா ரின்னுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு வந்தார். அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தேன்; இரண்டாம் தடவை பார்த்தது மலரின் கடிதத்தில். எழுத்துக்கூட்டிப் பதிவுப் புத்தகத்தில் இறக்கினேன். அகராதியில் தேடினேன், இல்லை.

"உன்ரை பிள்ளைக்கு வருத்தம் கண்டுபிடிச்சாச்சு. புதன்கிழமைத் துண்டு இல்லை," என்றேன். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவரை, கடற்கரைச் சனம் என்பதற்காக 'நீ' என்றேன். அந்த யன்னலில் அதுதான் வழக்கம்.

"ஐயா, பிள்ளை ஒரு பக்கத்துக் காதைப் போட்டு அடிக்கிறாள். நோகுது போலை. குழந்தைப் பிள்ளையளின்ரை டொக்டர் ஒருக்காப் பாத்தாரெண்டால்..."

"அது இந்த வருத்தத்தின்ரை குணம். கடதாசியிலை கிடக்கு."

"கடதாசி எழுதேக்கை அவள் காதை அடிக்கேல்லை ஐயா. அது போன வருஷத்துக் கடதாசி."

இதைவிடத் தெளிவாக ஒரு வைத்தியரும் சொல்லியிருக்க முடியாது. நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அடுத்த மாதமும் வந்தார். பிள்ளையின் காதடியில் தோல் உரிந்து கிடந்தது. மெலிந்தும் போயிருந்தாள். இந்தத் தடவை ஒரு பனையோலைப் பையை யன்னலால் உள்ளே தள்ளினார். கருவாட்டு வாசம் வந்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்துவிட்டது. "உதெல்லாம் என்னட்டைச் சரிவராது. எடு உதை," என்று சத்தம் போட்டேன். வரிசையில் நின்ற சனம் எல்லாம் கேட்கட்டும் என்றே சத்தம் போட்டேன்.

மூன்றாவது மாதமும் அவர் வந்ததை நான் கண்டேன். யன்னலுக்கு வரவில்லை. வேப்பமரத்தடியில் எங்கள் பியோன் கந்தையாவோடு பேசிக்கொண்டு நின்றார். கந்தையா வாங்குகிற ஆள். கருவாடு, தேன், மான் வத்தல், எதையும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். அவரைக் கண்டாலே எனக்கு அருவருப்பு. பத்து மணிக்கு நான் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது திரேசம்மா முன் விறாந்தையால் இறங்கி வருகிறார். பிள்ளை அவருடைய தோளில் சாய்ந்து நித்திரை. காதில் பஞ்சு.

காயத்துக்கு மருந்து கட்டும் அறையின் பின்கதவால் விட்டிருக்கிறார் கந்தையா. குழந்தை வைத்தியர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, சின்ன இடுக்கியால் ஒரு குன்றிமணியை இழுத்து எடுத்தாராம். அது உள்ளே ஊறிப் பருத்துச் சீழ் கட்டியிருந்தது. மூன்று மாதமாக அந்தப் பிள்ளை கையால் அடித்து அடித்துச் சொன்னது அதைத்தான்.

திரேசம்மா நேரே என் யன்னலுக்கு வந்தார். நான்தான் மனமிரங்கி ஏற்பாடு செய்தேன் என்று நினைத்துவிட்டார் போலும். கை கூப்பினார்.

"ஆர் உன்னை உள்ளுக்கை விட்டது?" என்றேன்.

அவருடைய கை அப்படியே நின்றது. என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு மிகச் சாதாரணமாகச் சொன்னார்.

"கதவு துறந்து கிடந்தது ஐயா."

அன்று மத்தியானமே முறைப்பாடு எழுதினேன். பிள்ளைக்குக் காது சுகமானதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பின்கதவு, கருவாடு, ஒழுங்குமீறல். "மேற்படி பெண் உண்மையை மறைத்துப் பொய் கூறினாள்" என்றும் சேர்த்தேன். அழகான கையெழுத்து எனக்கு. கந்தையாவை மல்லாவிக்கும் அப்பால் காட்டுக்குள் இருந்த ஒரு மருந்துச்சாலைக்கு மாற்றினார்கள். பொழுதுபட்டால் யானை வரும் இடம். போகிற அன்று திறப்புக் கோர்வையை என் மேசையில் வைத்தார்.

"இது மருந்து கட்டிற அறைத் திறப்பு, ஐயா. வடிவாப் பூட்டி வையுங்கோ. எனக்குத்தான் பூட்டிப் பழக்கமில்லை."

அதை நான் நையாண்டி என்றுகூட அன்றைக்கு விளங்கிக்கொள்ளவில்லை. அடுத்த வருஷம், சிங்களம் படித்துச் சோதனை பாஸ் பண்ணினால்தான் சம்பள உயர்வு என்று எனக்கும் ஓர் அரைத்தாள் வந்தது. யன்னலுக்கு மற்றப் பக்கத்தில் நிற்பது எப்படி என்று முதல் தடவை கொஞ்சம் தெரிந்தது. மானம் பெரிதென்று கப்பல் ஏறினேன். திரேசம்மாவுக்கு ஏறக் கப்பல் இருக்கவில்லை.

5

போன மாதம், ரின் திரும்பி வந்த அன்று, நான் வீட்டுக்குப் போகவில்லை. மலரைக் கையில் பிடித்தபடி ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றேன். அவள் தாடையை அடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தை எழுத எனக்குச் சொல் இல்லை. கடந்துபோன வெள்ளை மேலங்கிகள் எல்லாம் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போயின.

நிலம் துடைத்துக்கொண்டிருந்த ஜமேக்காப் பெண் ஒருவர் துடைப்பத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். என் வயதிருக்கும். பெரிய உடம்பு, கால் வீங்கியிருந்தது.

"இந்தப் பிள்ளைக்கு நோகிறது," என்றார். கேள்வியாக இல்லை.

ஓம் என்று தமிழில் சொன்னேன். அவருக்கு விளங்கிவிட்டது. இரண்டு பக்கமும் பார்த்தார். இடுப்பிலிருந்த திறப்பால் ஒரு பக்கக் கதவைத் திறந்து, பதினொரு மணிக்குக் குழந்தை வைத்தியர் தேநீர் குடிக்கும் அறையைக் கையால் காட்டினார். ஏதாவது கொடுக்கவேண்டுமே என்று என் கை பழக்கமில்லாமல் சட்டைப்பைக்குப் போனது. அவர் முகத்தைச் சுளித்தார். "போ, போ," என்று துடைப்பத்தால் விரட்டினார்.

வைத்தியர் பாவம், இளம் பிள்ளை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மலரைப் பார்த்தார். அட்டை கேட்கவில்லை. முழங்கால் ஊன்றி இருந்து, அவள் கத்தி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாய்க்குள் வெளிச்சம் அடித்தார். கடைவாய்ப் பல் ஒன்று அடிவரை சொத்தை. பல்முரசு வீங்கிச் சீழ் வைத்திருந்தது. அன்று பின்னேரமே மயக்கி, பல்லைப் பிடுங்கினார்கள். இரவு மலர் பாண் தின்றாள். பூமணி அப்போதுதான் அழுதாள்.

6

நேற்றுப் பின்னேரம் பதிலெழுத இருந்தோம். வசந்தி பேனையோடு மேசையில். குளிர்காயும் மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில் மலர், யன்னல் சீலையைப் பிடித்தபடி. பூமணி குசினி வாசலில்.

நான் ஒன்றும் யோசிக்காமல் வீரம் பேசினேன் என்று நினைக்கவேண்டாம். யோசித்தேன். அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் ஜமேக்காப் பெண், கால் வீக்கம், அந்த நடைபாதை என்று எழுதினால் போதும், அவர்களே பிடித்துவிடுவார்கள். மலருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்வை. அடுத்த பல் எப்போது நோகும், அடுத்த காது எப்போது நோகும், அவள் வாய் திறந்து சொல்லப்போவதில்லை. அந்தப் பார்வை எங்களுக்குத் தேவை. மிகவும் தேவை. கடிதம் எழுதிய கிளாக்கருக்கும் அது தெரியும். அவன் நல்ல கிளாக்கர். கை நீட்டாதவனாகவும் இருப்பான்.

"என்ன சொல்லப் போறியள்?" என்று பூமணி கேட்டாள்.

"நீ என்ன சொல்லுறாய்?"

"நான் பயறு வறுத்துக் குடுத்ததே காணும், இனி ஆளையும் குடுக்கவேணுமோ?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

"எழுது பிள்ளை," என்றேன் வசந்தியிடம். "கதவு திறந்திருந்தது."

அவள் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். இந்த நாட்டுப் பள்ளிக்கூடம் அவளை நன்றாகத்தான் வளர்க்கிறது.

"அது பொய்யெல்லே அப்பா? ஒரு அன்ரி திறந்துவிட்டவா எண்டு நீங்கள்தானே சொன்னியள். நான் பொய் எழுத மாட்டன்."

என் முகத்தை என் மகளின் முகத்தில் கண்டேன். அதே நேர்மை, அதே நாடி தூக்கல். அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, காலில் விழவேண்டும் போலவும் இருந்தது. ஒன்றும் செய்யாமல் பேனையை வாங்கினேன். மேசைக்கு இந்தப் பக்கம் வந்து இருந்தேன். அழகான கையெழுத்து எனக்கு, ஆங்கிலத்திலும்தான். என் வாழ்க்கையில் அரசாங்கக் காகிதம் ஒன்றில் எழுதிய முதற் பொய்யை எழுத்துப் பிழையில்லாமல் எழுதினேன்.

கதவு திறந்திருந்தது, ஐயா.

உறையை ஒட்டும்போது வசந்தி கேட்டாள்: "மலரைப் பார்க்கமாட்டினமே இனி?"

"மாட்டினம்," என்றேன்.

பிறகு அவளை அடுப்புக்குப் பக்கத்தில் இருத்தி, திரேசம்மா என்று ஒருவர் இருந்தார் என்று சொல்லத் தொடங்கினேன்.